ஐந்தாம் பாகத்தைத் தேடி: கொங்கு நாட்டுக் கேசட் கடைகளின் வழியே ஐந்து நாள்

முதல் நாள், வியாழக்கிழமை: கோயம்புத்தூர்

காலை ஆறு மணிக்குக் கோவைச் சந்திப்பில் இறங்கியபோது என் பையில் ஐந்து கேசட்டுகள் இருந்தன. வெள்ளகோவிலுக்கு அருகே எட்டுத் தறி போட்டு ஓட்டிய என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். வீட்டை ஒதுங்க வைத்தபோது, தறிக் குடோனின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கேசட்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை திரைப்பாடல்கள். அவற்றிலிருந்த பாடல்கள் அனைத்தையும் ஒரே மாலையில் கைபேசியில் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் வீரகதையான அண்ணன்மார் சாமி கதையை, உடுக்கை அடித்துப் பாடும் உடுக்கடிப் பாட்டாகப் பதிவு செய்த, ஆறு கேசட்டுகள் கொண்ட தொகுதி அது. அதில் ஐந்தாம் பாகம் இல்லை. மேலட்டைகள் சாயம் போய், பாடியவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் படிக்க முடியாதபடி மங்கிவிட்டன. இணையத்தில் உடுக்கடிப் பாட்டு இல்லாமல் இல்லை; பொன்னர் சங்கர் கதையைப் பலர் பாடியிருப்பதைக் கேட்டேன். ஆனால் இரவு ஷிப்டில், எட்டுத் தறியின் இரைச்சலையும் தாண்டி எழுந்து வந்த அந்தக் குரலை நான் எங்கும் கேட்கவில்லை.

கேசட் விற்ற கடைகளில் எவை எஞ்சியிருக்கின்றன என்று பார்ப்பதும், அவற்றில் ஐந்தாம் பாகம் கிடைக்குமா என்று கேட்பதுமே இந்தப் பயணத்தின் நோக்கம். ஒவ்வொரு நாள் இரவும் அன்று கண்டதை எழுதிப் பதிவிட எண்ணியிருக்கிறேன்.

ஒப்பணக்கார வீதியில் நுழைந்து, ராஜ வீதி வழியாக வெரைட்டி ஹால் சாலை வரை நடந்தேன். 1990களின் தொடக்கத்தில் நான் இங்கே கல்லூரியில் படித்தபோது, இந்தப் பகுதியில் காதை வைத்தே வழி கண்டுபிடித்து நடக்கலாம்; ஒரு கடை வாசலில் புதுப்படப் பாட்டு தேய்ந்து மறையும் இடத்தில் அடுத்த கடையின் முருகன் பாட்டு தொடங்கியிருக்கும். இன்று அதே வரிசையில் கைபேசி உறைகளும் ஆயத்த ஆடைகளும் கவரிங் நகைகளும் தொங்குகின்றன. ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரைத்தான் இந்தச் சாலை இன்னும் தாங்கி நிற்கிறது. சென்ட்ரல், பட்சிராஜா என்ற படப்பிடிப்பு நிலையங்கள் இயங்கிய இதே நகரத்தில், இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவை அண்டியிருந்துதான் எம். எஸ். விசுவநாதன் தொழில் கற்றார். பாட்டு பிறந்த ஊராகவும் விற்ற ஊராகவும் இருந்த இந்நகரில் பாட்டு விற்கும் ஒரு கடையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

கண்டுபிடித்த கடை பாதிக் கடைதான். முன்பாதியைக் கைபேசி உதிரிப் பொருள் விற்கும் இளைஞர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்பாதியில் எழுபது வயது மதிக்கத்தக்க உரிமையாளர் மூன்று அலமாரிக் குறுந்தகடுகளுக்கும் ஒரு மேசைக் கேசட்டுகளுக்கும் நடுவே அமர்ந்திருந்தார். நான் ஐந்து கேசட்டுகளையும் மேசைமேல் வைத்ததும், அட்டையைக்கூடப் பார்க்காமல், உள்ளிருக்கும் கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கம்பெனிச் சரக்கு இல்லீங்க தம்பி. லோக்கல் கேசட்டுங்க. நோம்பிக்கு நோம்பி ஆயிரம் அடிப்பாங்க, வித்துத் தீந்தாச் சரின்னு விட்டுருவாங்க. இதுக்கு மாஸ்டர்னு ஒண்ணு எங்கயும் இருக்காதுங்க."

அவர் விளக்கிய விதம் எனக்குப் புதியது. திரைப்படக் கேசட் சென்னையிலிருந்து விநியோகஸ்தர் வழியாக வரும். அதற்கு மூல ஒலிப்பதிவு நிறுவனத்திடம் இருக்கும். நிறுவனம் கைமாறினாலும் உரிமையை வாங்கியவர் பாட்டை இணையத்தில் ஏற்றிவிடுவார். உள்ளூர்க் கேசட்டோ ஒரு பாடகரும், ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடமும், பணம் போட்ட ஒரு கடைக்காரரும் சேர்ந்து செய்தது. குலதெய்வப் பாட்டு, உடுக்கடிப் பாட்டு, கல்யாணத்துக்கு மங்கள வாழ்த்து என்று அவரே சில தொகுதிகளுக்கு முன்பணம் கொடுத்து வெளியிட்டிருக்கிறார். இப்படிப்பட்ட பதிவுகளுக்குப் பதிப்பகம், கிடங்கு, விற்பனை நிலையம் மூன்றுமே இந்தக் கடைகள்தாம். கடை மூடினால் அந்தப் பாட்டுக்குத் திரும்பிவர வேறு வழியில்லை. கேசட் கடைகள் போனதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் திரைப்பாடலையே நினைக்கிறோம்; திரைப்பாடலுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதே என் எண்ணம்.

அவருடைய மேசையில் இருந்த திரைப்படக் கேசட் ஒன்றில் நாய் குழாயருகே அமர்ந்திருக்கும் எச்.எம்.வி. முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சு லண்டனுக்குப் போயிற்று. அதே கிராமபோன் கம்பெனி 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் திறந்த கடையை இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கார் தொடங்கி வைத்தார் என்றும், அந்தப் பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவிய கடைகள் 2013 ஜனவரியிலும் 2018 டிசம்பரிலுமாக இருமுறை நொடித்துப்போயின என்றும், 2019இல் மூடிய அந்த ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடை 2023 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது என்றும் நான் படித்திருந்ததைச் சொன்னேன். "அங்கயுமாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கொல்கத்தா பார்க் தெருவின் மியூசிக் வேர்ல்டு 2013இலும், மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இலும் மூடியது அவருக்கு முன்பே தெரியும். அங்கெல்லாம் பேரங்காடிகளும் இணைய விற்பனையும் குறைந்த விலைக்குக் குறுந்தகடு விற்றுக் கடைகளைச் சாய்த்தன; இங்கே எந்த மளிகைப் பேரங்காடியும் தனக்குப் போட்டியாக இருந்ததில்லை என்றார். ஐயாயிரம் பாட்டுகளை அடக்கிய சரிகமா கார்வான் பெட்டி 2017இல் வந்தபோது கடைசியாக ஒருமுறை கடையில் கூட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அதை வாங்கியவர்கள் மறுபடி வரவேண்டிய தேவையே இல்லை என்பது அவருக்குச் சில மாதங்களில் புரிந்துவிட்டது.

ஐந்தாம் பாகம் அவரிடம் இல்லை. "காங்கயம் பக்கம் மைக்செட்காரங்களக் கேளுங்க, அவங்கதான் எதையும் வீசமாட்டாங்க" என்று வழி சொல்லி அனுப்பினார்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை: பொள்ளாச்சி

உக்கடத்திலிருந்து தனியார் பேருந்தில் ஏறினேன். கொங்கு நாட்டில் தனியார் பேருந்து என்றால் பாட்டு. எந்த வண்டியில் நல்ல பாட்டு ஓடும் என்று தெரிந்துகொண்டு, முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்து ஏறிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இன்றைய வண்டியிலும் பாட்டு இருந்தது, ஒலி முன்னைவிடத் துல்லியமாகவே இருந்தது. ஓட்டுநரின் இருக்கைக்கு மேலே செருகியிருந்த பென் டிரைவ் ஒன்றிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. கிணத்துக்கடவு தாண்டிய பின்னும் பயணிகளில் பாதிப் பேர் காதில் தங்கள் சொந்தப் பாட்டை மாட்டியிருந்தார்கள்.

பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், முன்பு பேருந்துக்காரர்களுக்கென்றே கேசட் பதிந்து கொடுத்தவர் இப்போது இளநீர் மொத்த வியாபாரம் செய்கிறார். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். 60 நிமிடக் கேசட்டுக்கு இரண்டு பக்கம். ஆகவே ஒரு நடைக்கு ஒரு கேசட் என்று கணக்கு வைத்து, முதல் நடைக்குப் பக்திப் பாட்டு, கல்லூரி நேரத்து நடைக்குப் புதுப்பாட்டு, உச்சி வெயிலுக்கு மெதுவான பாட்டு, கடைசி நடைக்குப் பழைய பாட்டு என்று தரம் பிரித்துப் பதிந்து கொடுத்திருக்கிறார். எந்தப் பாட்டுக்குப் பின் எது வரவேண்டும் என்பதை அவர் இன்னமும் மறக்கவில்லை. இளநீர்க் குலைகளை எண்ணிக்கொண்டே எனக்கு ஒரு முழு நடையை வரிசையாகச் சொல்லிக் காட்டினார். உடுக்கடிப் பாட்டு இந்தப் பக்கம் அதிகம் விற்றதில்லை என்பதால் என் தேடலுக்கு அவரால் உதவ இயலவில்லை.

மூன்றாம் நாள், சனிக்கிழமை: திருப்பூர்

திருப்பூருக்குச் சனிக்கிழமை வரவேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தேன், ஏனெனில் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள் அது. சனி மாலை ஏழு மணிக்குமேல் தொடங்கி ஞாயிறு இரவு வரைக்கும் குமரன் சாலையிலும் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் நடக்கும் வியாபாரத்தில்தான் முன்பு இந்நகரின் கேசட் கடைகள் வாரம் முழுவதற்குமான வாடகையைத் தேடிக்கொண்டன. தைக்கும் பகுதியில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாட்டு ஒரு துணை. கம்பெனியின் உத்தரத்தில் தொங்கும் பெட்டியில் என்ன பாட வேண்டும் என்பதற்காகத் தொழிலாளர்கள் சேர்ந்து காசு போட்டுக் கேசட் வாங்கியிருக்கிறார்கள்.

அன்றைய ரெக்கார்டிங் சென்டர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். ஒரு நோட்டுத் தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசைப்படி எழுதி, ஒரு வெற்றுக் கேசட்டுக்கும் பதிவுக்கும் காசு கட்டிவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் பாட்டு தயாராக இருக்கும். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. 90 நிமிடம் வாங்கினால் அதிகப் பாட்டு அடங்கும், ஆனால் நாடா மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் சிக்கும் என்று கடைக்காரரே எச்சரிப்பார். பக்கத்தின் முடிவில் பாட்டு அறுந்துவிடாமல் இருப்பதற்காக, நாம் எழுதிக் கொடுத்த வரிசையை அவர் நிமிடக் கணக்குப் போட்டு மாற்றுவார். இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் நாம் கேட்காத ஒரு சிறு பாட்டைத் தானாகவே சேர்ப்பார். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பாடல்களில் பல, இப்படி நான் கேட்காமல் வந்தவை. தாளைப் பார்த்ததும் "இந்தப் பாட்டு புடிச்சிருக்குன்னா இதையும் கேளுங்க கண்ணு" என்று அவர் சொன்னபோது, அதற்குப் பின்னால் அந்த ஊரில் பல்லாயிரம் தாள்களைப் படித்த ஒருவரின் நினைவு இருந்தது.

இதில் ஒரு பிழையும் இருந்தது, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளரின் அனுமதி பெறாமல் பாட்டைப் பதிந்து விற்பது குற்றம். இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் இந்தச் சென்டர்களிலிருந்து ஒரு காசும் போகவில்லை. அவ்வப்போது சோதனை நடந்ததும், பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனதும் உண்மை. நாங்கள் அனைவரும் அந்தத் தவற்றில் பங்கு பெற்றவர்களே.

கேசட்டுக்குப் பிறகு வந்த மாற்றம் இங்கே நடந்த வேகத்தைத் திருப்பூரில்தான் தெளிவாக உணர்ந்தேன். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, அதற்கான கருவியின் விலையால், இங்குள்ள தொழிலாளர் வீடுகளுக்குள் நெடுங்காலம் நுழையவே இல்லை. நூற்றைம்பது பாட்டுகளை அடக்கிய எம்.பி.3 தகடு வந்த பிறகுதான் வட்டத் தகடு என்பதையே பலர் வாங்கினார்கள். அதுவும் சில ஆண்டுகளே. உடனே மெமரி கார்டு வந்துவிட்டது. கேசட் கடையின் பெயர்ப்பலகை இறங்கி, அதே இடத்தில் "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்ற அட்டையோடு கைபேசிக் கடை எழுந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் ஏறக்குறைய இலவசமானதும் அந்த அட்டையும் இறங்கத் தொடங்கியது.

அப்படி அட்டையை இறக்கிய ஒருவரை இன்று மாலை பழைய பேருந்து நிலையம் அருகே சந்தித்தேன். அவருடைய கடைசி வாடிக்கையாளர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்கள். போஜ்பூரிப் பாட்டும் ஒடியாப் பாட்டும் தனக்குப் புரியாது என்பதால், அவர்களையே கணினி முன் உட்காரவைத்து, வேண்டியதைப் பிரித்து அடுக்கச் சொல்லி, அந்த அடுக்கை அடுத்து வருபவருக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ஊரை விட்டு வந்தவனுக்குத் தன் ஊர்ப் பாட்டைத் தேடிக் கொடுக்கும் வேலையைக் கடை கடைசிவரை செய்திருக்கிறது என்பதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தக் கணினியை அவர் இன்னும் விற்கவில்லை. ஐந்தாம் பாகத்தைப் பற்றிக் கேட்டேன். தன் காலத்தில் கேசட்டே இல்லை என்றார்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை: காங்கயம்

கொப்பரை காயும் களங்களையும் எண்ணெய் ஆலைகளையும் கடந்து, சிவன்மலை கண்ணில் படும் தூரத்தில் உள்ள ஒரு சிற்றூருக்குப் போனேன். கோவைக் கடைக்காரர் சொன்ன மைக்செட்காரரின் வீடு அங்கே இருக்கிறது. கல்யாணம், சீர், கோயில் நோம்பி, துக்க வீடு என்று எதற்கும் தென்னை மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். கேசட் கடைகளின் மிகப் பெரிய வாடிக்கையாளர்கள் இவரைப் போன்றவர்களே. பழைய அகுஜா ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு துணி போர்த்தித் திண்ணையில் இருந்தன. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டின் விதி வந்த பிறகு, விடிய விடிய உடுக்கடிப் பாட்டு ஒலிபரப்புவது மெல்ல நின்றுபோனது என்றார்.

உடுக்கடிப் பாட்டு இந்த மண்ணுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு செய்தி. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தபோது, அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடக்கேட்டு 1965இல் ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். அது பின்னர் நூலாகவும் வந்தது. அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் பதிந்த குரல் இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. நாமே பதிந்து, நம் கடைகளில் விற்று, நம் தறிக் குடோன்களில் ஓடிய குரல்களுக்கு அப்படியோர் இடம் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

மைக்செட்காரரின் இரும்புப் பெட்டியைத் திறக்க மதியத்துக்குமேல் ஆகிவிட்டது, பேரன் சாவியைத் தேடி எடுத்து வரவேண்டியிருந்தது. இசைத்தட்டுகள் ஒருபுறம், கேசட்டுகள் ஒருபுறம். மூன்றாவது அடுக்கில், என்னிடம் உள்ள அதே வெளிர்நீலக் கூட்டோடு, அட்டையில் "5" என்ற எண் மட்டும் தெரியும்படி, அது இருந்தது.

அங்கேயே கேட்டுவிட நினைத்தேன். அவருடைய பாட்டுப் பெட்டியின் பெல்ட் இற்றுப்போய், மோட்டார் சுற்றியும் சக்கரம் சுழலவில்லை. விலை கேட்டதற்கு அவர் வருத்தப்பட்டார். "விக்கறதுக்கா வெச்சிருக்கறன்? கொண்டுபோய்க் கேட்டுட்டு, பதிஞ்சுட்டு, திருப்பிக் குடுத்துருங்க சாமி" என்று சொல்லி, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். அவருடைய மனைவி கச்சாயம் சுட்டுக் கொடுத்ததால் கிளம்பவும் நேரமாயிற்று.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை: ஈரோடு

திங்கட்கிழமை என்பதால் ஈரோட்டில் ஜவுளிச் சந்தைக்கு வந்த வெளிமாநில வியாபாரிகளின் கூட்டம் மணிக்கூண்டு வரை நிறைந்திருந்தது. ஆர்.கே.வி. சாலையில் எனக்கு நினைவிருந்த நான்கு கேசட் கடைகளில் ஒன்றுகூட இல்லை. அவற்றுள் ஒன்றில் வேலை பார்த்தவர், இப்போது பன்னீர்செல்வம் பார்க் அருகே ஒரு மாடிப்படிக்குக் கீழே மின்கருவிகளைப் பழுது பார்க்கிறார்; கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றித் தருவதையும் ஒரு வேலையாகச் செய்கிறார். இறந்துபோன தாயின் குரல், குழந்தையின் முதல் பேச்சு, கோயில் கும்பாபிஷேகத்தன்று பதிந்த நாதசுரம் என்று, கடையில் வாங்கியதல்லாத கேசட்டுகளைத்தான் இப்போது அதிகம் கொண்டுவருகிறார்களாம்.

ஐந்தாம் பாகத்தை என்னிடமிருந்து கையில் வாங்கிய அவர் முதலில் அதை ஓடவிடவே இல்லை. நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு மெத்தை உதிர்ந்திருந்ததால், நான்கு திருகுகளையும் கழற்றி, வேறொரு கேசட்டிலிருந்து மெத்தையை எடுத்து ஒட்டி, சுருளைக் கையால் ஒருமுறை முழுதும் சுற்றித் தளர்த்தி, கருவியின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகே பொத்தானை அழுத்தினார். முதலில் இரைச்சல், பிறகு உடுக்கை, அதன்மேல் அந்தக் குரல். கொம்பன் பன்றியின் வேட்டை. வாசலில் வண்டி நிறுத்த வந்த ஒருவர், வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டார். முப்பது நிமிடமும் நாங்கள் பேசவில்லை. பன்றி விழுந்த இடத்தில் பக்கம் முடிந்தது.

பக்கத்தைத் திருப்பிப் போட்டார். படுகளத்தில் அண்ணன்மார் விழும் பகுதி வரவேண்டும்; ஆறாம் பாகம் தங்கை அருக்காணித் தங்கம் அவர்களைத் தேடிப் போவதில்தான் தொடங்குகிறது. ஒலித்தது ஒரு திரைப்பாடல். அதன்பின் இன்னொன்று. கேசட்டை வெளியே எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தார். பதிவு அழியாமலிருக்க உடைத்துவிடும் சிறு தடுப்பு அந்தப் பக்கத்தில் உடைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் துளையின்மேல் யாரோ செலோடேப் ஒட்டி மீண்டும் பதிந்திருந்தார்கள். அட்டையைப் பிரித்தபோது உட்புறத்தில், சிவப்பு மையில், ஆறு பாட்டுகளின் வரிசையும் மேலே "பாப்பா சீர், சாயங்காலம்" என்ற தலைப்பும் எழுதியிருந்தன. எழுத்து தெளிவாக, ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடக் கணக்கோடு இருந்தது.

"சென்டர்க்காரங்க எழுத்துங்க இது" என்றார். பிறகு முதல் பக்கத்தைக் கணினியில் ஏற்றி, கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். பாடியவர் பெயர் தெரியாததால், அண்ணன்மார் சாமி கதை, ஐந்தாம் பாகம், முதல் பக்கம் என்று மட்டும் போடச் சொன்னேன்.

"ரெண்டாவது பக்கம் சினிமாப் பாட்டுத்தானுங்க. அதெல்லாம் எங்கயும் கெடைக்கும். விட்டறட்டுங்களா?"

அதையும் அதே வரிசையில், இடையில் எதையும் வெட்டாமல் ஏற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேசட்டை நாளை காலை காங்கயத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.